பதினேழாம் எண் டோக்கன்

ஹெட் கான்ஸ்டபிள் சாந்தி இந்த வருஷம் கோடையில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள். நந்திதுர்க்கில் பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் சர்வீஸில் இருந்தபோது என்னோடு வேலை பார்த்தவள். அப்போதே வாய் அதிகம். நான் உட்கார்ந்திருந்த ரைட்டர் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னா சார், தொப்பை இவ்ளோ கீது? பென்ஷன் போட்டு வளக்கறீங்களா?"

"வந்த வேலையைச் சொல்லும்மா."

மேலிருந்து ஒரு ஃபார்ம் வந்திருந்தது. ஸ்டேஷன் எல்லையில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் மேல் இதுவரை என்னென்ன கேஸ் என்று எழுதி அனுப்ப வேண்டும். பழைய ரிஜிஸ்டர்களில் சிலது செல்லரித்துப் போயிற்று. எனக்கு ஞாபகம் இருக்கும் என்று வந்திருக்கிறாள்.

"கிடைச்சதெல்லாம் தேடிட்டேன் சார். இருபத்தி மூணு துப்பாக்கி. ஒருத்தர் மேலயும் ஒண்ணும் இல்ல. அடிதடி இல்ல, திருட்டு இல்ல. ஹெல்மெட் ஃபைன் கூட இல்ல சார்! லைசென்ஸ் இல்லாதவன் மேலதான் ரூம் நிறைய ஃபைல் கீது. பேசாம ஊருக்கே ஆளுக்கொரு துப்பாக்கி குடுத்துட்டா எல்லாரும் யோக்கியனா மாறிடுவான். நாம கடையைக் கட்டிக்கினு போயிடலாம்."

நான் சிரிக்கவில்லை.

"இல்லைன்னு எழுதிடவா சார்?"

"வேற என்ன?"

"இன்னொண்ணு கீது. ஏரிக்கு அந்தாண்ட வெங்கடப்பா. வயசாயிடுச்சாம், துப்பாக்கியை மகன் பேருக்கு மாத்தணுமாம். அப்ளிகேஷன் வந்துகீது. அவங்க வீட்டு மேலயும் ஒண்ணும் இல்லியே?"

அந்த வீட்டின் மேல் ஒன்றும் இல்லை என்று முதலில் எழுதியவன் நான். அதை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயர்கள் சிலதைத் தவிர மற்ற பெயர்களை மாற்றிவிட்டேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை. தங்கவயலுக்கு வெளியே ஒரு கிராமத்து ஸ்டேஷன், அவ்வளவுதான்.

என் அப்பா நந்திதுர்க் மைனில் வேலை செய்தார். நான் எட்டாவது வரை படித்தேன். மைனில் வேலைக்கு ஆள் எடுப்பது நின்றுபோன சமயம். போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினேன். மாரை அளந்தார்கள். ஒன்பது மாதம் டிரெயினிங். அங்கே கற்றுக்கொண்டது கன்னடம் எழுதுவதும் பூட்ஸ் துடைப்பதும். கையெழுத்து அழகாக இருந்ததால் பெரும்பாலும் ஸ்டேஷனுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். முப்பத்தாறு வருஷத்தில் லத்தியைவிடப் பேனாவைப் பிடித்ததுதான் அதிகம்.

துப்பாக்கி லைசென்ஸ் விசாரணை என் வேலை. அந்தப் பக்கத்தில் லைசென்ஸ் கேட்கிறவர்கள் எல்லாம் விவசாயிகள். நிலக்கடலைக்கும் ராகிக்கும் காட்டுப்பன்றி வரும். அதை விரட்டத் துப்பாக்கி. மனு கலெக்டர் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து விசாரித்து எழுது என்று எங்களுக்கு வரும். நான் சைக்கிளில் போவேன். பட்டா பார்ப்பேன். நிலத்தைப் பார்ப்பேன். பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு பேரிடம் கேட்பேன். அவர்கள் எப்போதும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். துப்பாக்கி வரப்போகிற வீட்டைப் பற்றி யார் கெட்டதாகச் சொல்வான்? பிறகு ஸ்டேஷனுக்கு வந்து கேஸ் ரிஜிஸ்டரைப் புரட்டுவேன். பெயர் இல்லை என்றால், 'நடத்தை நல்லது, கேஸ் இல்லை, ஆட்சேபணை இல்லை' என்று எழுதுவேன். பெயர் இருந்தால் லைசென்ஸ் கிடையாது.

அதனால் சாந்தி சொன்னதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கேஸ் இல்லாதவனுக்குத்தான் துப்பாக்கி கொடுக்கிறோம். பிறகு துப்பாக்கி வைத்திருப்பவன் மேல் கேஸ் இல்லை என்கிறோம்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலானவர்கள் நிஜமாகவே ஒழுங்கானவர்கள். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் ஒரு மனிதனை எவ்வளவு பொறுமைசாலி ஆக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர். வாய்க்கால் தகராறில் பக்கத்து நிலத்துப் பையன் அவரைச் சந்தையில் எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டான். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்தார். "நான் கை நீட்டல சார். எழுதிக்கோங்க. நான் கை நீட்டல" என்று மூன்று தடவை சொன்னார். அறைந்தவன் மேல் கம்ப்ளெயிண்ட் கூடக் கொடுக்கவில்லை. தன் மேல் ஒன்றும் வரக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. அப்படிப்பட்டவர்களும் அந்த இருபத்து மூன்றில் இருந்தார்கள்.

என் சர்வீஸில் துப்பாக்கியால் ஆள் செத்த கேஸ் இரண்டு பார்த்தேன். இரண்டும் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. அதுவும் உண்மை.

எலெக்‌ஷன் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு திருப்பிக் கொடுப்போம். எம்.பி. எலெக்‌ஷன், எம்.எல்.ஏ. எலெக்‌ஷன், பஞ்சாயத்து எலெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் இந்த வேலை உண்டு. ஒருமுறை ஒருவனுடைய துப்பாக்கியை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். பெரிய சத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்தேன்.

அது அப்பாவின் மைனில் பார்த்தது. ஷாஃப்ட் வாசலில் ஒரு பலகை இருக்கும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் கழற்றிக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்தும் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பலகையைப் பார்க்கப் பெண்கள் வந்து நின்றதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

நான் பழைய எண்ணெய் டின் தகரத்தை வட்டமாக வெட்டி நம்பர் அடித்தேன். ஒரு மரப்பலகையில் ஆணி அடித்து என் மேஜைக்குப் பின்னால் சுவரில் மாட்டினேன். துப்பாக்கி உள்ளே வந்தால் அதே நம்பர் சீட்டை டிரிகர் வளையத்தில் கட்டி, டோக்கனை ஆணியில் தொங்கவிடுவேன். திருப்பிக் கொடுத்தால் டோக்கனைக் கழற்றி டப்பாவில் போடுவேன். எது உள்ளே, எது வெளியே என்று பூட்டைத் திறக்காமலே தெரியும். பலகை ஜன்னலுக்கு நேரே இருந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரியும்.

வெங்கடப்பாவின் நம்பர் பதினேழு.

அப்போது எங்களுக்கு இருந்த எஸ்.ஐ. தார்வாட் பக்கத்துக்காரர். கன்னடம்தான் பேசுவார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். நேர்மையானவர். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கமாட்டார். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவருவார். எந்தக் காகிதத்தையும் கை கழுவிவிட்டுத்தான் தொடுவார். கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். ரிப்போர்ட்டின் மேல் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே படிப்பார். ஆதாரம் இல்லாத வார்த்தையை அடித்துவிடுவார். ஒரு தடவை நான் ஒருவனைப் பற்றி 'முரடன் போல் தெரிகிறது' என்று எழுதினேன். அடித்தார்.

"யாருக்குத் தெரிகிறது?"

"எனக்கு சார்."

"நீ ரிஜிஸ்டரா?"

ஸ்டேஷனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. படித்து முடித்தால் "ஆய்தா?" என்பார். முடிந்ததா என்று அர்த்தம். முடிந்தது சார் என்று சொல்ல வேண்டும். அவரிடம் நல்ல பெயர் வாங்குவது கஷ்டம். நான் வாங்கியிருந்தேன்.

ரத்னம்மா வெங்கடப்பாவின் மனைவி. பூதிகோட்டைப் பெண். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழில் பேசுவாள். தக்காளிக் கூடையோடு பஸ்ஸுக்குப் போகிற வழியில் எங்கள் ஸ்டேஷன் இருந்தது. அவள் முன்பே இரண்டு தடவை பெட்டிஷன் கொடுத்திருந்தாள். புருஷன் அடிக்கிறான் என்று. இரண்டு தடவையும் புருஷனைக் கூப்பிட்டோம். அவன் வெள்ளை வேட்டியில் வந்தான். சத்தம் போடாதவன். "தப்புதான் சார்" என்றான். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்து ராஜி எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கி, வீட்டுக்கு அனுப்பினோம்.

ராஜியான பெட்டிஷன் கேஸ் ரிஜிஸ்டரில் ஏறாது. தனிக் கட்டாகக் கிடக்கும். குறிப்பிட்ட காலம் ஆனதும், விதிப்படி அந்தக் கட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் எரித்துவிடுவோம். அதுவும் என் வேலைதான்.

ஒரு எலெக்‌ஷன் முடிந்து துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். ரத்னம்மா ஜன்னல் பக்கம் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

"சார், அடுத்த எலெக்‌ஷன் எப்போ?"

உள்ளே இருந்த கான்ஸ்டபிள்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாம்மா, நிக்கப் போறியா?"

"எந்தக் கட்சி? எங்களை மறந்துடாத."

"தக்காளி சின்னம் கேளும்மா, ஜெயிச்சிடுவ."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தாள். பதினேழு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

அடுத்த வருஷம் பஞ்சாயத்து எலெக்‌ஷன் வந்தது. துப்பாக்கிகள் உள்ளே வந்தன. அவள் தினமும் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பலகையைப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒருநாள் மத்தியானம் ஸ்டேஷனில் யாரும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னாம்மா தினம் பாக்கற?"

"அந்த பதினேழு எங்க வீட்டுதுதானே?"

"ஆமா."

"அது அங்க தொங்கற வரைக்கும் நான் நிம்மதியா சாப்பிடுவேன் சார்."

எனக்குப் புரியவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவரு இப்போ அடிக்கறதில்லை சார். நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டு பேசினீங்கல்ல, அப்பால அடிக்கறதில்லை. துப்பாக்கியை சுத்தம் பண்றாரு. நான் தட்டு வெச்சி உக்காந்தா, எதிர்ல வந்து உக்காருவாரு. துணி, எண்ணெய் எல்லாம் எடுத்து வெச்சிக்குவாரு. துடைப்பாரு. குழல் என் பக்கம் இருக்கும். ஒரு வார்த்தை பேசமாட்டாரு. நான் கை கழுவினா எடுத்து மாட்டிடுவாரு."

"தினமுமா?"

"துப்பாக்கி வீட்ல இருந்தா தினமும்."

துப்பாக்கியைச் சுத்தம் செய்வது குற்றம் இல்லை. லைசென்ஸ் புத்தகத்தில் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றே இருக்கும்.

நான் செய்த ஒரே நல்ல காரியம் அதற்குப் பிறகுதான். பஞ்சாயத்து ரிசல்ட் வந்தது. துப்பாக்கியை வாங்கிப்போகச் சொல்லி மற்றவர்களுக்கு ஆள் அனுப்பினேன். வெங்கடப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தேன். மூன்று வருஷக் காலம் முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கவில்லை. புதுப்பிக்காத லைசென்ஸுக்குத் துப்பாக்கி திருப்பிக் கொடுக்கக்கூடாது. அவன் வந்தபோது அதைச் சொன்னேன். முன்னாலேயே ஞாபகப்படுத்தியிருக்கலாம், மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்வேன். இவனுக்குச் செய்யவில்லை. அவன் மனு போட்டான். அது போய்ச் சேர்ந்து, எங்களிடம் விசாரணைக்கு வர ஆறு மாதம் ஆயிற்று.

அந்த ஆறு மாதம் பதினேழு தனியாக ஆணியில் தொங்கியது. ரத்னம்மா ஜன்னலில் நிற்பதையே விட்டுவிட்டாள். நடந்துகொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் கூடையிலிருந்து நாலு தக்காளி எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். எஸ்.ஐ. பார்த்தால் திட்டுவார் என்று எடுத்துப் போகச் சொன்னேன். "கசங்கினது சார், விக்காது" என்றாள். ஒன்றுகூடக் கசங்கியிருக்கவில்லை.

பிறகு விசாரணைக் காகிதம் வந்தது. நான் இரண்டு நாள் மேஜைக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எஸ்.ஐ. கேட்டார்.

"வெங்கடப்பா காகிதம் ஏன் நிற்கிறது?"

"சார், அவன் மேல் ரெண்டு பெட்டிஷன் உண்டு. பொண்டாட்டி கொடுத்தது."

"ராஜி ஆனதா?"

"ஆனது சார்."

"அப்படியானால் இல்லை."

"அந்த அம்மா பயப்படுது சார்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "எழுதிக் கொடுத்திருக்கிறாளா? எழுதிக் கொடுக்கச் சொல். நானே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிறேன். நீ சொல்வதை அனுப்ப முடியாது. நீ பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. அதனால் அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் ரத்னம்மாவைப் பிடித்தேன். ஒரு பேப்பரில் எழுதித் தந்தால் துப்பாக்கி வீட்டுக்கு வராமல் நிறுத்திவிடலாம் என்றேன். நானே எழுதுகிறேன், கைநாட்டு மட்டும் வை என்றேன்.

"வெச்சா, அவரைக் கூப்பிட்டு கேப்பீங்களா?"

"கேக்கணும். அதான் ரூல்."

"இது உன் பொண்டாட்டி குடுத்ததுன்னு காட்டுவீங்களா?"

"காட்டணும்."

"அப்பால நான் எந்த வீட்டுக்கு சார் போவேன்?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் எழுதினேன். 'நடத்தை நல்லது. கேஸ் இல்லை. புதுப்பிக்க ஆட்சேபணை இல்லை.' எஸ்.ஐ. ஸ்கேலை வைத்துப் படித்தார். சிவப்புப் பென்சில் எங்கேயும் நிற்கவில்லை.

"ஆய்தா?"

"முடிஞ்சது சார்."

வேறு மாதிரி எழுதியிருக்கலாம். அவள் பெயரே வராமல், ஆட்சேபணை என் ஆட்சேபணை என்று எழுதி என் பெயரைப் போட்டிருக்கலாம். எஸ்.ஐ. அடித்திருப்பார். நான் மறுபடி எழுதியிருக்கலாம். மெமோ கொடுத்திருப்பார். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் செய்யாததற்கு என்னிடம் பெரிய காரணம் இல்லை. அவரிடம் இருந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

புதுப்பித்து வந்தது. வெங்கடப்பா ரசீதோடு வந்தான். நான் பூட்டைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன். நம்பர் சீட்டை அவிழ்த்தேன். குழலைத் திறந்து காலி என்று காட்டினேன். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினேன். அவன் தோளிலிருந்த துண்டால் குழலை முழுக்கத் துடைத்தான்.

"ரொம்ப நல்லா வெச்சிருந்தீங்க சார். துருவே இல்ல."

பதினேழைக் கழற்றி டப்பாவில் போட்டேன். மறுநாள் காலை ரத்னம்மா கூடையோடு வந்தாள். வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பினாள். நின்றாள். ஆணியைப் பார்த்தாள். நான் மேஜையில்தான் இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை.

பதினோரு நாள் கழித்து, காலை ஒன்பது மணி இருக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தான். துப்பாக்கிக் காயம், வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்று. பெயரைக் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதுகுப் பக்கமாக, வலது தோள்பட்டையில் ஈய ரவை பாய்ந்திருந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் கை இனி மேலே போகாது என்று டாக்டர் சொன்னார். அவளைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் வெங்கடப்பா வெள்ளை வேட்டியில் நின்றான். வெளியே போகச் சொன்னேன். போனான். கதவுக்கு அப்பால் அவன் செருப்பு தெரிந்தது.

"என்ன நடந்ததும்மா?"

"துப்பாக்கியை நான் துடைச்சேன். துடைச்சிட்டு செவுத்துல சாத்தினேன். திரும்பி அடுப்பாண்ட போனேன். அது சாஞ்சு விழுந்து வெடிச்சிடுச்சி."

நிறுத்தாமல் சொன்னாள். மனப்பாடம் செய்தது போல் இருந்தது.

"நீயா துடைச்ச?"

"நான்தான்."

"எவ்ளோ வெயிட் இருக்கும்மா அது?"

கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதானே வெச்சிருந்தீங்க."

நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எழுதிக்கோங்க சார். நீங்க எழுத வசதியாத்தான் சொல்றேன். பையன் வீட்ல கீறான்."

அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகன். எழுதினேன். படித்துக் காட்டினேன். வலது கை வராது. இடது கைக் கட்டைவிரலில் மை வைத்து நானே எடுத்து அழுத்தினேன். விரல் சூடாக இருந்தது. காய்ச்சல்.

எஸ்.ஐ. கை கழுவிவிட்டு வந்து வாக்குமூலத்தைப் படித்தார். ஸ்கேலை மறுபடி மேலே ஏற்றி இன்னொரு தடவை படித்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. பென்சில் அவர் கையில் இருந்தது. அடிக்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருந்தது.

"அந்த இரண்டு பெட்டிஷன் எங்கே?"

"எரிச்சாச்சு சார். போன மாசம். விதிப்படி."

யார் எரித்தது என்று கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினார். குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு "ஆய்தா" என்று கேட்கவில்லை.

விபத்து என்று முடிந்தது. துப்பாக்கி பரிசோதனைக்குப் போய், ஒரு வருஷம் கழித்து வந்தது. இனி ஜாக்கிரதையாக வைத்துக்கொள் என்று எச்சரித்து அவனிடமே கொடுத்தார்கள். ரத்னம்மாவை அண்ணன் வந்து பூதிகோட்டைக்கு அழைத்துப் போனான். மகனை வெங்கடப்பா அனுப்பவில்லை. அந்தப் பையன் அந்த வீட்டில்தான் வளர்ந்தான்.

நான் ரிடையர் ஆன பிறகு ஒருமுறை பங்காரப்பேட்டை பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றாள். எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

"அந்தப் பலகை கீதா சார்?"

"இல்லம்மா. பெயிண்ட் அடிக்கறப்போ எடுத்துட்டாங்க. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்ல."

"ரோட்ல இருந்து தெரியாதா?"

"தெரியாது."

தலையை ஆட்டினாள். தன் இடம் வந்ததும் இறங்கிக்கொண்டாள்.

இது எல்லாவற்றையும் சாந்தியிடம் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரிஜிஸ்டர் தேடறப்போ அந்த விபத்து ஃபைலை நானும் பாத்தேன் சார். 'மனைவியின் அஜாக்கிரதை'ன்னு கீது. பாத்துட்டு, சே, படிக்காத பொம்பளைன்னு நெனச்சிக்கினேன்."

"நான் எழுதினதைத்தான் நீ படிச்ச."

"இப்போ இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"மகனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ரெண்டு வருஷம் ஆச்சாம்."

"அந்தப் பொண்ணைப் பாரு. தனியா. யூனிஃபார்ம் வேணாம்."

"வீட்டுப் பொம்பளைங்களைக் கேக்கணும்னு ஃபார்ம்ல எங்கியும் இல்லியே சார்."

"இல்லதான்."

போனாள். நாலு நாள் கழித்து போன் செய்தாள்.

"பாத்தேன் சார். தக்காளி பறிச்சிக்கினு இருந்திச்சி. வேலைக்கு ஆள் வேணுமான்னு கேக்கற மாதிரி போய், பக்கத்துல உக்காந்து நானும் ஒரு கூடை பறிச்சேன். இடுப்பு போச்சு. நல்ல பொண்ணு. அப்பால யாருன்னு சொன்னேன். வீட்டுக்காரர் எப்படின்னு கேட்டேன். நல்லவருன்னு சொல்லிச்சி. அடிப்பாரான்னு கேட்டேன். இல்லைன்னு சொல்லிச்சி. குடிப்பாரா, இல்ல. ஒண்ணுமே இல்ல சார்."

"சரி."

"கிளம்பறப்போ ஒண்ணு கேட்டிச்சி. பஞ்சாயத்து எலெக்‌ஷனுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல குடுக்கணுமா, இல்ல பெரிய எலெக்‌ஷனுக்கு மட்டும்தானா அக்கான்னு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சார்? கீறீங்களா?"

"அதை எழுதும்மா."

"எதை எழுதறது? எலெக்‌ஷனைக் கேட்டுச்சின்னா? இதுல இன்னா தப்பு கீது? மேல போனா சிரிப்பாங்க. அந்தப் பொண்ணு பேரு போட்டா, நாளைக்கே அந்த வீட்ல கேப்பாங்க."

"அவ பேரு போடாத. ஆட்சேபணை சொல்றவன்னு என் பேரு போடு. ரிடையர்ட் ஹெட் கான்ஸ்டபிள், நந்திதுர்க். அட்ரஸ் போடு. நான் வந்து வாக்குமூலம் குடுக்கறேன்."

"சார், விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. நீங்க எழுதின பழைய ரிப்போர்ட்டை எடுப்பாங்க. அப்போ நல்லவன்னு எழுதினியே, இப்போ இன்னான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"வெங்கடப்பா உங்க வீட்டுக்கு வருவான்."

"அட்ரஸ் சரியா போடு. தேடி அலையப் போறான்."

அவள் சிரிக்கவில்லை. பேப்பர் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு என் அப்பா பெயர் கேட்டாள், வயது கேட்டாள். சொன்னேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய், நான் எழுதிய ரிப்போர்ட் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது ஒரு பக்கம்தான் வந்தது. மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். மேலிருந்து வந்த அந்தக் கணக்கு ஃபார்மில் சாந்தி என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

மகனுடைய மனு மேலே போயிருக்கிறது. பதில் வரவில்லை. ஆட்சேபணை நிலுவையில் இருப்பதால் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் போனது. வெங்கடப்பாவே கொண்டுவந்து கொடுத்தானாம். வெள்ளை வேட்டி, குழலைத் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தானாம்.

துப்பாக்கி இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதால், அது உள்ளே இருப்பதை அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்று சாந்தியிடம் சொன்னேன்.